அறுபத்து மூன்றுக்கு எண்பத்தெட்டு

வீட்டில் பிரிண்டர் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு தப்பைச் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். படத்தைத் திறந்து, அளவெல்லாம் சரிபார்த்து, கடைசியில் பட்டனை அழுத்தும்போது திரையில் ‘ஃபிட் டு பேஜ்’ என்ற வரியில் டிக் விழுந்திருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. காகிதத்துக்குள் ஓரம் விட்டு அடங்கட்டும் என்று மிஷின் தானாகவே நம் படத்தை நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கிவிடும். கல்யாணப் பத்திரிகையில் அது தெரியாது. விசிட்டிங் கார்டில் தெரியாது. விளையாட்டு அட்டையில் தெரியும். அதனால் முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். இதை யார் வந்து கேட்டாலும் சொல்லித்தருவேன்.

என் பெயர் நஃபீஸத். மேலப்பாளையத்தில் வீட்டிலேயே அச்சு வேலை செய்கிறேன். பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அடையாள அட்டை, லேமினேஷன். முன்னறையில் ஒரு இங்க்ஜெட் பிரிண்டர், ஒரு கட்டிங் மிஷின், அட்டையின் மூலையை வளைத்து வெட்டும் கைக்கருவி ஒன்று. என் தம்பி சல்மான் ஃபாரிஸுக்கு நான் ஏதோ செய்துவிட்டேன் என்று அவன் சினேகிதன் மகாராஜன் பாளையங்கோட்டை முழுக்கப் பேசிக்கொண்டு திரிகிறானாம். பேசட்டும். அவன் பேசினால் கூடவும் குறையவும் செய்யும். நான் சொன்னால் அளவு சரியாக இருக்கும்.

உம்மா மௌத்தாகிப் போய்ச்சேர்ந்தபோது சல்மானுக்கு நடை பழகியிருந்தது, பேச்சு வரவில்லை. எனக்குப் பதினைந்து வயது. வாப்பா அடுத்த வருடமே சவூதியில் தம்மாமுக்குப் போனார். “ரெண்டு வருசந்தாம்மா, கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் வாரம் ஒரு போன் வந்தது. பிறகு பெருநாளைக்கு வந்தது. பிறகு அதுவும் இல்லை. அங்கே வேறு குடும்பம் என்று கேள்விப்பட்டோம். எனக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை குவைத்துக்குக் கூப்பிட்டார், தம்பியை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வா என்றார். பால்குடி மறந்த நாளிலிருந்து என் பக்கத்தில் படுத்துத் தூங்கின பிள்ளையை ஹாஸ்டலில் விட முடியுமா. மாட்டேன் என்றேன். தலாக் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். இதையெல்லாம் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஒருத்தி என்னென்ன விட்டாள் என்று தெரியாமல், அவள் எதைப் பிடித்துக்கொண்டாள் என்று மட்டும் கேட்பது நியாயமில்லை.

சல்மான் ஆடுவது சீட்டாட்டம் இல்லை. அட்டைக்கு அட்டை ஒரு மிருகமோ மந்திரமோ கோட்டையோ படமாக இருக்கும். ஆளுக்கு அறுபது அட்டை கொண்ட ஒரு கட்டு. எதிராளி எதை இறக்குவான் என்று கணக்குப் போட்டு நம்முடையதை இறக்க வேண்டும். சதுரங்கத்துக்கு உள்ள மூளை இதற்கும் வேண்டும். எதிர்வீட்டு அலிமா பீவி மாமிக்கு இது விளங்கவில்லை.

“ஏம்மா நஃபீஸத்து, ஒந் தம்பி சீட்டு வெளையாடுதானாமே. ஹராமுலா அது?”

“சீட்டு இல்ல மாமி. படம் போட்ட அட்டை. துட்டு வைக்க மாட்டாங்க.”

“துட்டு வைக்காம பெறவு எதுக்கு வெளையாடுதாங்க?”

 வாசலில் வந்து பேசின யாரிடமும் அவனை நான் விட்டுக்கொடுத்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அசல் அட்டைகளை வெளிநாட்டில் அச்சடிக்கிறார்கள். இங்கே கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் விலை சொல்லி மாளாது. அதனால் நண்பர்களுக்குள் பழகுவதற்கு நகல் அட்டை வைத்துக்கொள்வார்கள். அதில் ஒளிவுமறைவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகாராஜனின் மாமா டயர்க்கடை மாடியில் கூடும் கூட்டம் முழுக்க நகலை வைத்துத்தான் ஆடும். போட்டிக்குப் போனால் மட்டும் அசல் வேண்டும். சல்மான் டியூஷன் எடுத்து, பழைய போனை விற்று, ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு கட்டு அசல் வைத்திருந்தான். நகல் அடித்துத் தரச்சொல்லி என்னிடம் வந்தான்.

முதல் தடவை நானும் அந்த டிக்கை எடுக்காமல் அடித்துவிட்டேன். அறுபத்து மூன்று மில்லிமீட்டருக்கு எண்பத்தெட்டு வரவேண்டியது, அறுபத்தொன்றுக்கு எண்பத்தைந்து வந்தது. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. அட்டைகளை முதுகு தெரியாத கறுப்பு உறையில் போட்டுத்தான் ஆடுவார்கள். என் நகலையும் அவன் அசலையும் அப்படி உறையில் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, என்னுடையதை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டான்.

“அரை மில்லி கொறஞ்சாலும் கை சொல்லிரும் லாத்தா. நீ மூணு மில்லிய முழுங்கிட்ட.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அளவு தப்பவே இல்லை. கனத்துக்கு ஏற்ற அட்டை, மை காய நேரம், வெட்டுகிற கோட்டுக்கு வெளியே கொஞ்சம் நிறம் விட்டு அச்சடிப்பது, மூலை வளைவு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டேன். சாயங்காலம் அவன் கலைத்துப் போடுகிற சத்தம் முன்னறையில் கேட்டால்தான் எனக்கு வேலை ஓடும். அவன் ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருந்தான். முன்பக்கத்தில் கீழே ‘நகல்’ என்று பொடி எழுத்தில் போட வேண்டும். பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருக்க வேண்டும்.

“முதுகு வெள்ளையா இருந்தாத்தான் அது நகல். முதுகையும் அடிச்சிட்டம்னா அது கள்ளம்” என்பான்.

நல்ல பிள்ளை. நான் வளர்த்த பிள்ளை.

கொச்சியில் நடந்த போட்டியில் ஜெயித்தான். கடைசிச் சுற்று பெங்களூரில். அதற்குள்ளாகவே கோலாலம்பூரில் ஒரு குழுவினர் அவன் ஆட்டத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். அவர்களிடமே ஒரு கடை இருக்கிறதாம். கடையில் வேலை, தங்க இடம், அவர்கள் குழுவுக்காக நாடு நாடாகப் போய் ஆடலாம். பெங்களூர் முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். வீட்டுக்குள் ஓடிவந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னான்.

“ரெண்டு வருசந்தான் லாத்தா.”

நான் சிரித்தேன். அன்றைக்கு வட்டலப்பம் செய்து கொடுத்தேன், ஒன்றுக்கு இரண்டாகத் தின்றான். எனக்குப் பயமாக இருந்தது, சொல்வதற்கென்ன.  ஆனால் அழுது ஆகாத்தியம் பண்ணி ஒருத்தரை நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. வாப்பாவிடம் அழுது பார்த்தவள் நான்.

இரண்டு நாள் கழித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டே அவனிடம் கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். “பெரிய போட்டியில நகலு வந்து மாட்டிக்கிட்டா என்ன செய்வாங்க?”

அவனுக்கு விளக்கிச் சொல்வது என்றால் உயிர். “அறுபதும் நகலா இருந்துச்சுன்னா, ஏலே, பழகுற கட்டை மாத்தித் தூக்கிட்டு வந்துட்டியான்னு சிரிச்சிட்டு அனுப்பிருவாங்க. நாலே நாலுன்னு வையி, அதுவும் ஒசந்த அட்டையா, முதுகும் அடிச்சதா இருந்துச்சுன்னு வையி, அவ்வளவுதான். கள்ளன்னு பேரு விழுந்துரும். ரெண்டு வருசம் தடை. பெறவு எந்தக் குழுவும் சேக்காது.”

“எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

“போன் லைட்டை அடியில பிடிப்பாங்க. அசலுக்கு நடுவுல கறுப்பா ஒரு படலம் இருக்கு, வெளிச்சம் மங்கித்தான் வரும். நம்ம அட்டையில பளிச்சுன்னு வந்துரும்லா.”

“அப்படியா” என்றேன். அவனே ஒரு துண்டை எடுத்துப் பாத்திரங்களைத் துடைத்து வைத்தான்.

அவன் கூட்டாளிகளோடு பாபநாசத்துக்குக் குளிக்கப் போன அன்று வேலையை முடித்தேன். அவனுடைய அசல் கட்டில் மிகவும் ஆசையாக வைத்திருந்த நான்கு அட்டைகளைத் தேர்ந்தெடுத்தேன். எவை என்று எனக்குத் தெரியும், அவை வந்த அன்று ஒவ்வொன்றையும் என்னிடம்தான் முதலில் காட்டியிருக்கிறான். முன்பக்கம் எனக்குப் பழகினது. ‘நகல்’ என்ற எழுத்தை மட்டும் எடுத்தேன். பின்பக்கத்து நீலம்தான் படுத்தியது. முதலில் அடித்தது ஊதாவாக வந்தது, அடுத்தது வெளிறிப்போனது, அதற்கடுத்தது சரியாக அமைந்தது. வெட்டினேன், மூலை வளைத்தேன், உறையில் போட்டுக் கட்டுக்குள் வைத்தேன். அசல் நான்கையும் லேமினேஷன் தாள் இருக்கும் டப்பாவின் அடியில் வைத்தேன். கிழிக்கவில்லை, விற்கவில்லை. அவன் பொருளை நான் திருடவில்லை.

என்னுடைய மூலைக் கருவியில் சின்னக் குறை ஒன்று உண்டு. அது வெட்டுகிற வளைவில், பார்வைக்குத் தெரியாத, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற பிசிறு நிற்கும். உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போய்விடும். தேய்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெங்களூர் ரயிலுக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொடுத்தேன். வாசலில் நின்று துஆ ஓதி அவன் தலையில் ஊதினேன். ஜெயிக்கட்டும் என்றுதான் ஓதினேன், வேறு எதை ஓத முடியும்.

அவன் மூன்று ஆட்டம் ஜெயித்தான். அந்த நான்கு அட்டைகளையும் இறக்கித்தான் ஜெயித்தான். அரை மில்லி குறைந்தாலும் சொல்லிவிடுகிற கைக்கு ஒன்றும் தெரியவில்லை. என் வேலைக்கு இதைவிட நற்சான்று வேண்டாம். நான்காவது ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் கட்டுகளைச் சோதித்தார்கள். விளக்கை அடியில் பிடித்தார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்தான். அதிகாலை வண்டியில் இறங்கி, குளித்து, நான் வைத்த தோசையைச் சாப்பிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் மானம் போன வீடியோவை யாரோ எடுத்து நெட்டில் போட்டிருந்தார்கள். கள்ளன் என்று கண்டவனெல்லாம் எழுதியிருந்தான். அதைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் தாளவில்லை. என் தம்பியைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும். என் போனை அவன் பார்க்காதபடி எடுத்து உள்ளே வைத்தேன்.

அதிலிருந்து வீட்டில்தான் இருந்தான். எனக்குக் கட்டிங் மிஷினில் உதவி செய்தான். ஒரு நிக்காஹ் பத்திரிகை முழுக்க அவன் வெட்டினதுதான், ஒரு தாள் பிசகவில்லை. வேளைக்குச் சாப்பிட்டான். சத்தம் போட்டுப் பேசுவதில்லை. லாத்தா என்று கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பான், நான் புரிந்துகொள்வேன். ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தவர்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட என்ன இருக்கிறது.

போன புதன்கிழமை மகாராஜன் வந்தான். சல்மான் காகிதம் வாங்க ஜங்ஷன் பக்கம் போயிருந்தான். டீ போட்டுக் கொடுத்தேன். அதைத் தொடவில்லை.

“அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவன் ஒங்ககிட்ட சொல்லிருக்க மாட்டான்க்கா. நான் சொல்லுதேன். அசல் போட்டுத்தான் கொண்டாந்தேன்னு கெடந்து மல்லுக்கட்டுனான். நானும் சண்டை போட்டேன். பெறவு அந்த அட்டையில ஒண்ணை உறையை விட்டு எடுத்து அவன் கையில குடுத்தாங்க. மூலைய நகத்தால பையத் தடவுனான். அப்படியே நின்னுட்டான்க்கா. மொகம் செத்துப்போச்சு. நான்தான் அடிச்சேன், எழுதிக்கிடுங்கன்னுட்டான்.”

டீ டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“செஞ்சவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா. அந்த அசல் நாலையும் காட்டுனாத் தடையை எடுத்துருவோம்னு சொல்லுதாங்க. கோலாலம்பூர்க்காரங்களும் எடத்தை இன்னும் வச்சிருக்காங்க. அவன் வாயத் தொறக்க மாட்டேங்கான். ஒங்களுக்குத் தெரியும்லா. அவனுக்காகச் சொல்லுங்க.”

“டீ ஆறுது தம்பி, குடிங்க.”

“அப்ப நீங்கதான் செஞ்சிருக்கிய.”

“நாந்தான் செஞ்சேன்னு அவனே சொல்லிட்டாம்லா. எந் தம்பி பொய் சொல்ல மாட்டான்.”

அவன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னான். “அவன் ஒங்களைக் காட்டிக்குடுக்கலைக்கா. நீங்கதான் அவனைக் காட்டிக்குடுத்துட்டிய.”

சின்னப் பையன், என்னமோ வசனம் பேசுகிறான். சல்மான் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவன் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். மூலையைத் தொட்டதுமே சல்மானுக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் என் பெயரைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம். லாத்தா செய்தால் காரணம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம். அவன் வாயால் சொல்லாவிட்டாலும் அவனுக்கும் போக இஷ்டமில்லை. வேறு விதமாக இதைப் புரிந்துகொள்ள இடமே இல்லை.

மகாராஜன் போனதும் டப்பாவிலிருந்து அசல் நான்கையும் எடுத்து, நான்கு பக்கமும் அரை அரை மில்லி சீவினேன். இனி அவற்றை எந்த நடுவரும் ஆட்டத்தில் சேர்க்க முடியாது. இந்த வீட்டில் அளவு தப்பிய அட்டை அவை மட்டும்தான். அவற்றை மறுபடியும் டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சல்மான் ஜும்ஆ தொழப் போயிருக்கிறான். அவன் துணிகளைத் துவைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். துணிகள் இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பை, அதற்குள் எல்லாம் மடித்து வைத்திருந்தது. பாஸ்போர்ட்டும் அதற்குள் விமான டிக்கெட்டும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை, திருவனந்தபுரத்திலிருந்து. குழுவும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஏதோ ஒரு ஹோட்டலில் சப்ளையர் வேலை என்று மலேசியாவிலிருந்து வந்த கடிதம் கூடவே இருந்தது. பையில் அட்டைக்கட்டு இல்லை. அதை மேசை டிராயரில் எனக்கு விட்டுவைத்திருந்தான். எச்சில் தட்டு எடுப்பதற்காகவா ஒருத்தன் கடல் கடந்து போவான். யாரோ அவன் மனதைக் கலைத்திருக்கிறார்கள். மகாராஜனாகத்தான் இருக்கும்.

அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. தீயைக் குறைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன். எதை வெட்டுவதானாலும் முதலில் அளந்து பார்ப்பது என் வழக்கம். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பாஸ்போர்ட்டின் நீளம் நூற்று இருபத்தைந்து மில்லி. அகலம் எண்பத்தெட்டு. அதே எண்பத்தெட்டு. இத்தனை நாளும் எனக்கு இது தோன்றியதில்லை. அது அரசாங்கச் சொத்து, சேதப்படுத்தக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. படித்துவிட்டுத்தான் மிஷினில் வைத்தேன். நட்டநடுவே கைப்பிடியை இறக்கினேன். தடித்த அட்டைக்கு வேண்டிய அழுத்தம்தான், கூட ஒன்றும் இல்லை. இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் அறுபத்திரண்டரைக்கு எண்பத்தெட்டு. அரை மில்லி குறைவு. ஒரு பாதியில் அவன் முகம் முழுசாக இருக்கிறது, அதில் கத்தி படாமல் பார்த்துக்கொண்டேன்.

போலீசில் சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள். நாலு அட்டையை மாற்றியது நான். அவன் பெயரைக் கெடுத்தது நான். தெரிந்தே மௌனமாக இருந்தது நான். இதை வெட்டியதும் நான். ஊரில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நான் ஒருத்தி வைத்துக்கொண்டேன், என்னைக் கேட்கிறீர்கள்.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்துவிட்டது. தெருவில் ஆட்கள் வருகிற சத்தம் கேட்கிறது. சோறு வடித்தாகிவிட்டது. இரண்டு துண்டையும் அவன் சாப்பிட உட்கார்கிற இடத்தில், தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒளித்து வைக்கவில்லை. வெட்டின பக்கம் மட்டும் மூலை கூராக நின்றது. பிள்ளை அவசரத்தில் எடுக்கும்போது கையில் குத்திவிடக் கூடாதே என்று, அதையும் வளைத்துவிட்டேன்.